பெரியம்மா இருக்கும்போதே தம்பி தன் பங்கை விற்கலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். முதலாவது, பெங்களூர் அல்சூரில் உங்கள் பெரியப்பா கட்டிய வீடு. 1998-இல் அவர் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் பதிவு செய்தார்: மனைவி ஆயுள் உள்ளவரை அனுபவிக்க வேண்டியது, அவர் காலத்துக்குப் பின் இரண்டு மகன்களும் ஆளுக்குப் பாதியாக முழு உரிமையுடன் அடைய வேண்டியது. பெரியப்பா 2009-இல் காலமாகிவிட்டார். பெரியம்மாவுக்கு 74 வயது, நன்றாக நடமாடுகிறார். சின்ன மகன், அதாவது நீங்கள் சொல்லும் தம்பி, கனடாவில் குடியேறப் போகிறார். தன் பாதியை வெளியாளுக்குக் கொடுப்பதைவிட உங்களுக்கே கொடுக்கிறேன் என்கிறார். உங்கள் மச்சானோ, “பெரியம்மா இருக்கிறவரைக்கும் அவனுக்கே ஒன்றும் கிடையாது, அவன் உனக்கு எதை விற்பான்?” என்கிறார்.

இரண்டாவது, அந்த மச்சான் சம்பந்தப்பட்டது. உங்கள் மாமனார் தன் சம்பாத்தியத்தில் பானஸ்வாடியில் வாங்கிய வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று உங்கள் மனைவி இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் எட்டு லட்சம் தருவதாகச் சொல்கிறார். மாமனார் உயிரோடு இருக்கிறார்.

“ரெண்டுமே நாளைக்கு வரப்போகிற சொத்துதானே, ஒன்று செல்லும் என்றால் இன்னொன்றும் செல்ல வேண்டாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மச்சான் இரண்டையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பெரியம்மா இருக்கும்போதே தம்பி விற்கலாம். மாமனார் இருக்கும்போது விட்டுக்கொடுக்க உங்கள் மனைவி கையில் எதுவும் இல்லை.

உங்கள் பெயரில் 2031-இல் முதிரும் வங்கி டெபாசிட் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் இன்று கைக்கு வராது, ஆனால் அது உங்களுடையது. உங்கள் மாமா, “என் டெபாசிட் எல்லாம் உனக்குத்தான்டா” என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்கிறார், அதுவும் இருக்கிறது. இரண்டிலும் பணம் நாளைக்குத்தான் வரும். முதலாவதை வைத்துக் கடன் வாங்கலாம். இரண்டாவதை வைத்துக் காபிகூட வாங்க முடியாது, மாமா நாளை மனம் மாறலாம், நீங்களே அவருக்கு முன் போய்விடலாம். நிலத்திலும் சட்டம் பார்ப்பது இதைத்தான். சொத்து எப்போது கைக்கு வரும் என்பது அடுத்த கேள்வி. அதன் மேல் உரிமை இன்றைக்கே வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 19-ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தத் தேதியில் கிடைக்கும் என்றோ, நிச்சயம் நடந்தே தீரும் ஒரு நிகழ்ச்சிக்குப் பின் கிடைக்கும் என்றோ எழுதிக் கொடுத்தால், பத்திரத்தில் வேறு எண்ணம் தெரியாதவரை, உரிமை அப்போதே நிலைத்துவிடுகிறது. மரணம் நிச்சயம் நடக்கும் நிகழ்ச்சி. பெரியம்மா எப்போது போவார் என்பது தெரியாது, போகாமல் இருக்க மாட்டார் என்பது தெரியும், சட்டத்துக்கு அது போதும். அந்தப் பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது: இடையில் இன்னொருவருக்கு அனுபவ உரிமை கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து, பின்னால் வருபவருக்கு இன்னும் உரிமை வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. மச்சான் கட்டியது அந்த முடிவைத்தான்.

ஆகவே 1998-இல் பத்திரம் பதிவாகி, மகன்கள் அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே தம்பிக்குப் பாதி வீட்டில் நிலைத்த உரிமை இருக்கிறது. அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், தானம் கொடுக்கலாம். கடவுள் புண்ணியத்தில் அப்படி நடக்க வேண்டாம், ஆனால் தம்பி பெரியம்மாவுக்கு முன்னால் போய்விட்டாலும் அந்தப் பாதி அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அண்ணனுக்குத் திரும்பாது. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தம்பி யாரிடமாவது கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருந்தால், கடன் கொடுத்தவர் அந்தப் பாதியை நீதிமன்றம் மூலம் ஜப்தி செய்யலாம். வெறும் எதிர்பார்ப்பை ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது, நிலைத்த உரிமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வில்லங்கச் சான்று எடுக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவும் பத்திரத்தின் வாசகம் நீங்கள் எனக்குச் சொன்னபடியே இருந்தால்தான். அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய பத்திரங்கள் நான் பார்த்தவரை ஆங்கிலத்தில் தட்டச்சானவை. தமிழ்நாட்டுப் பத்திரத்தில் “தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்” என்று முழு உரிமையை ஒரே மூச்சில் சொல்லும் வரி, அங்கே இரண்டு மூன்று வாக்கியங்களாக உடைந்து கிடக்கும். அதனால் மூலத்தையே எடுத்து, பெரியம்மா காலத்துக்குப் பின் யாருக்கு என்ற பத்தியை விரல் வைத்துப் படியுங்கள்.

அங்கே “என் இரண்டு மகன்களுக்கும்” என்று பெயரோடு இருந்தால் சரி. “அப்போது உயிருடன் இருக்கும் மகன்களுக்கு” என்று இருந்தால் கதை மாறுகிறது. இரண்டு வரிக்கும் நடுவே கூடுதலாக இருப்பது மூன்றே வார்த்தை, ஆனால் அது நிச்சயத்தை எடுத்துவிட்டு நிபந்தனையை வைக்கிறது. தாய்க்குப் பின்னும் மகன் உயிரோடு இருப்பார் என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். சொத்து மாற்றச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி இது நிபந்தனைக்கு உட்பட்ட உரிமை.

இதையும் விற்கவே முடியாது என்று சில பத்திர எழுத்தர்கள் சொல்வார்கள். அது தவறு. பர்மாவிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், 1930-ஐ ஒட்டி, அப்போது நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது: ஒரு பத்திரத்தின் மூலம் கிடைத்த நிபந்தனை உரிமை வேறு, வாரிசாக வருவோம் என்ற நம்பிக்கை வேறு, முன்னதும் ஒரு சொத்துதான், அதை மாற்றலாம். ஆனால் வாங்குபவர் நிபந்தனையையும் சேர்த்தே வாங்குகிறார். தம்பி பெரியம்மாவுக்கு முன் இறந்தால் நீங்கள் கொடுத்த பணத்துக்கு ஈடாக ஒரு செங்கல்கூட வராது. அந்த வாசகம் இருந்தால் நானாக இருந்தால் வாங்க மாட்டேன், அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும்.

“மகன்களுக்கும் அவர்களுக்குப் பின் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும்” என்று நீட்டியிருந்தால் 13, 14-ஆம் பிரிவுகளைப் பார்க்க வேண்டிவரும். பிறக்காதவருக்கு எழுதினால் மிச்சமுள்ள உரிமை முழுவதையும் எழுத வேண்டும், காலத்துக்கும் ஒரு எல்லை உண்டு. நீங்கள் சொன்ன வாசகத்தில் அது இல்லை, அதனால் விடுகிறேன்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம். பத்திரத்தில் பெரியம்மாவுக்கு வீட்டைக் கொடுக்கும் வரியில் காரணம் ஏதாவது எழுதியிருக்கிறதா? “அன்பினாலும் பிரியத்தினாலும்” என்றா, “ஜீவனாம்சத்துக்காக” என்றா?

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 14-ஆம் பிரிவுக்கு இரண்டு உட்பிரிவுகள். ஓர் இந்துப் பெண் வைத்திருக்கும் சொத்து அவருக்கு முழு உரிமை என்கிறது முதலாவது. தானம், உயில் போன்ற பத்திரத்தின் மூலம் குறைந்த உரிமையாகக் கொடுத்தால் அது குறைந்த உரிமையாகவே நிற்கும் என்கிறது இரண்டாவது. இரண்டும் மோதும் இடம் ஜீவனாம்சம். மனைவிக்குக் கணவனிடமிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. அந்த உரிமைக்கு ஈடாகச் சொத்தைக் கொடுத்தால், பத்திரம் “ஆயுள் வரைதான்” என்று எவ்வளவு கட்டிப்போட்டாலும் முதல் உட்பிரிவு அதை முழு உரிமையாக்கிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் வந்த தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, இந்த இரண்டு உட்பிரிவுகளின் எல்லை எது என்பதைப் பெரிய அமர்வு தீர்க்கட்டும் என்று அனுப்பியது.

உங்களுக்கு இதன் பொருள் என்ன? பெரியம்மாவுக்குக் கொடுத்தது ஜீவனாம்சத்துக்கு ஈடு என்று ஆகிவிட்டால், பெரியம்மாதான் முழு உரிமையாளர். மகன்களுக்கு எழுதிய பின்பாதி வெறும் காகிதம். தம்பி உங்களுக்கு விற்ற பாதியும் அதோடு போயிற்று. பத்திரத்தில் அந்த வார்த்தை இல்லாவிட்டாலும் பின்னால் யாராவது அப்படி வாதிடலாம்.

இதற்கு மருந்து சுலபமானது, வக்கீல் செலவும் இல்லை: கிரயப் பத்திரத்தில் பெரியம்மாவையும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாட்சியாக அல்ல, ஒப்புக்கொள்ளும் தரப்பாக. “இந்தப் பாதியில் எனக்கு ஆயுள் அனுபவம் தவிர வேறு உரிமை இருந்தால் அதையும் இந்தப் பத்திரத்தின் மூலம் மாற்றிக் கொடுக்கிறேன், என் ஆயுள் அனுபவம் மட்டும் தொடரும்” என்று ஒரு பத்தி. வெறும் சாட்சிக் கையெழுத்தைப் பின்னால் “என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தள்ளிவிடலாம். தமிழில் படித்துக் காட்டி, படித்துக் காட்டியதாகவும் பத்திரத்தில் எழுதுங்கள். உங்கள் பெரியம்மாவிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், தெரியும். “நான் செத்தப்புறம் எடுத்துக்கிறதுக்கு இப்பவே கையெழுத்தா?” என்று கேட்ட ஒரு பாட்டியை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் அழுதார். பிறகு, தான் இருக்கும்வரை யாரும் தன்னை வெளியே அனுப்ப முடியாது என்று அதே பத்தியில் எழுதியிருப்பதைப் பேத்தி படித்துக் காட்டியதும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் வாங்கினாலும் பெரியம்மா இருக்கும்வரை வீட்டுக்குள் வர உங்களுக்கு உரிமை இல்லை, கீழ்த்தள வாடகையும் அவருக்குத்தான். 74 வயதில் நன்றாக நடமாடுபவர் இன்னும் இருபது வருஷம் இருக்கலாம், இருக்கட்டும். அதனால் இன்றைய சந்தை விலையில் பாதியைக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். காத்திருக்கும் காலத்துக்கு விலையில் கழிவு கேட்பது உறவுக்குத் துரோகம் இல்லை, கணக்கு.

பெரியம்மா காலத்துக்குப் பின்னும் ஒரு முடிச்சு உண்டு. குடும்பம் பிரிக்காமல் குடியிருக்கும் வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், அண்ணனோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது, பாகம் பிரிக்கத்தான் வழக்குப் போடலாம் என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. அப்படி வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டி, நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அண்ணனே உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். பெரியப்பா பிள்ளைக்கு நீங்கள் வெளியாளா என்று கோபம் வரலாம். வீட்டில் நீங்கள் தம்பிதான், அந்தச் சட்டத்தின் முன் பெரும்பாலும் வெளியாள். அண்ணனிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம் காத்தா. அது வீட்டின் சொத்து வரிக் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல. ஆனாலும் 2024 அக்டோபருக்குப் பின் பெங்களூரில் இ-காத்தா இல்லாமல் கிரயம் பதிவாவது இல்லை. காத்தா பெரியம்மா பெயரில் மட்டும் இருந்தால், விற்பவர் பெயர் அதில் இல்லையே என்ற கேள்வி கவுண்டரிலேயே எழும். செட்டில்மெண்ட் பத்திரத்தைக் காட்டி முதலில் அதைச் சரி செய்துகொண்டு, பிறகு பதிவுக்கு நாள் வாங்குங்கள்.

சரி, இனி பானஸ்வாடி.

உங்கள் மனைவிக்கு அந்த வீட்டில் இன்று எதுவும் இல்லை. மாமனார் சம்பாதித்தது. அவர் நினைத்தால் நாளைக்கே விற்கலாம், கோயிலுக்கு எழுதலாம், உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவர் எதுவும் எழுதாமல் இறந்து, அப்போது உங்கள் மனைவி உயிரோடு இருந்தால்தான் பங்கு பிறக்கும். சொத்து மாற்றச் சட்டம் 6-ஆம் பிரிவின் முதல் விலக்கே இது: வாரிசாக வரப்போகிறவரின் வாய்ப்பை மாற்ற முடியாது. வெறும் வாரிசு நம்பிக்கையில் இருப்பவரிடம் மாற்றிக் கொடுக்கவோ விட்டுக்கொடுக்கவோ ஏதும் இல்லை, தன் வாரிசுகளுக்கு விட்டுச் செல்லக்கூட ஏதும் இல்லை என்ற கருத்தில் பிரிவி கவுன்சில் 1917-இலேயே, ஒரு பெண் ஆயுள் உரிமையில் வைத்திருந்த சொத்து பற்றிய வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

“இப்போது ஒப்பந்தம் போடுவோம், அப்பா காலத்துக்குப் பின் பத்திரம் எழுதுவோம்” என்று சுற்றி வருபவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அந்த மாதிரி வாக்குறுதியை நீதிமன்றம் பின்னால் நிறைவேற்றித் தரும். இங்கே அது நடக்காது, ஒப்பந்தமே செல்லாது என்று 1923-இல் முடிவானது. ஓசூர் ரோடு பக்கத்தில் ஒரு சைட்டுக்காக, அப்பா உயிரோடிருக்கும் ஒரு மகனிடம் ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார் ஒருவர். ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி முத்திரை, இரண்டு சாட்சி, எல்லாம் கச்சிதம். அப்பா அதற்குள் சைட்டை வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். மகனிடமிருந்து அட்வான்ஸை மூன்று தவணையாகக் கறக்க இரண்டு வருஷம் ஆயிற்று, வட்டியை மறந்துவிட்டார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் செல்லும்தானே என்று கேட்பீர்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும்: எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல. இல்லாத உரிமையையும் அழகாகப் பதிவு செய்யலாம்.

இந்த 6-ஆம் பிரிவுக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது, அதைத் திறந்தது நம் கர்நாடகத்து வழக்குதான், மெர்க்காரா ஜும்மா மசூதி வழக்கு. மடிக்கேரியில் ஒரு விதவை ஆயுள் உரிமையில் வைத்திருந்த சொத்தை, அவருக்குப் பின் வாரிசாக வரக்கூடிய மூன்று பேர், இது எங்கள் குடும்பச் சொத்து, இப்போதே எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லி 1900-இல் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அந்த அம்மாள் 1933 வரை இருந்தார். அவர் போனபின் சொத்து உண்மையிலேயே அந்த வாரிசுகளுக்கு வந்தபோது, பழைய கிரயம் உயிர் பெறுமா என்பது கேள்வி. 1962-இல் உச்ச நீதிமன்றம், பெறும் என்றது. அதே சொத்து மாற்றச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, இன்றே உரிமை இருப்பதாகப் பொய் சொல்லிப் பணம் வாங்கி விற்றவருக்குப் பிற்பாடு அந்த உரிமை வந்தால், நம்பி வாங்கியவர் அதைக் கேட்டுப் பெறலாம். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன் ஒரு தீர்ப்பில் வேறு மாதிரி சொல்லியிருந்தது, அது அதோடு போயிற்று. ஆனால் இந்தப் பின்வாசல் நம்பி ஏமாந்தவருக்கு மட்டும். அப்பா உயிரோடிருப்பது தெரிந்தே, வாரிசு வாய்ப்பு என்று தெரிந்தே வாங்குபவருக்கு 43-ஆம் பிரிவு உதவாது. உங்கள் மச்சானுக்கு எல்லாம் தெரியும்.

அப்படியானால் உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டு எட்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் பங்கும் கேட்கலாமா? அந்த யோசனை உங்களுக்கு வந்திருக்கும், வந்தால் தப்பில்லை, ஆனால் வேலைக்கு ஆகாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு தமிழ்நாட்டு வழக்கைப் பாருங்கள். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில் ஒரு மகன் 1975-இல் பணம் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர் 1978-இல் இறந்தார், தந்தை 1988-இல். பிறகு அந்த மகனின் பிள்ளைகள் பங்கு கேட்டார்கள். பத்திரம் தன்னளவில் எதையும் மாற்றவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டேன் என்று சொன்னவர் பின்னால் மாற்றிப் பேச முடியாது, அவர் வழியாக வரும் பிள்ளைகளும் பேச முடியாது என்று முடித்தது. உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டால் நாளை உங்கள் பிள்ளைகளின் வாயும் சேர்ந்து அடைபடலாம்.

ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பானஸ்வாடி வீடு மாமனாரே வாங்கியதா, இல்லை அவருடைய குடும்பத்தின் பூர்வீகச் சொத்தை விற்ற பணத்தில் வாங்கியதா? பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு, 2005 திருத்தத்தால். கர்நாடகம் 1994-இலேயே மகள்களைச் சேர்த்தது. அப்போது உங்கள் மனைவி கையில் இருப்பது வாய்ப்பு அல்ல, பங்கு. விடுதலைப் பத்திரமும் செல்லும், எட்டு லட்சமும் குறைவாக இருக்கும். ஆனால் தாத்தாவிடமிருந்து வந்த எல்லாமே பூர்வீகச் சொத்து என்று நம்மவர்கள் பேசுவது சரியல்ல. தாத்தாவின் தனிச் சொத்து 1956-க்குப் பின் வாரிசுரிமையில் மகனுக்கு வந்தால் அது மகனின் தனிச் சொத்து என்று 1986-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மச்சானுக்கு வீடு முழுதாக வேண்டுமென்றால் அவர் கேட்க வேண்டியது தங்கையை அல்ல, அப்பாவை. மாமனார் உயிரோடும் தெளிவோடும் இருக்கிறார். தன் ஆயுள் வரை தானே அனுபவிப்பேன் என்று வைத்துக்கொண்டு மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதலாம். சுவாதீனம் உடனே கொடுக்கவில்லை என்பதற்காகத் தானம் செல்லாமல் போகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகளுக்கு எட்டு லட்சம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதலாம். அப்படி எழுதினால், உங்கள் பெரியப்பா 1998-இல் செய்த காரியத்தையே மாமனாரும் செய்திருப்பார். “அப்பா இருக்கிறவரைக்கும் உனக்கே ஒன்றும் கிடையாது” என்று அன்றைக்கு மச்சானிடம் யாராவது சொன்னால், அவரே மறுத்துப் பேசுவார் பாருங்கள்.